முதல் கடிதத்தை எந்த மொழியில் அடிப்பது?

புதுதில்லி லோதி ரோட்டில் சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸ் என்று ஒரு பெரிய அரசு வளாகம். அதன் ஏ பிளாக்கில் 1976-ல் தொடங்கிய தேசியத் தகவல் மையம், அதாவது என்.ஐ.சி., இருக்கிறது. ஆறாம் எண் கட்டடமான எலெக்ட்ரானிக்ஸ் நிகேதனில் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம். பன்னிரண்டாம் பிளாக்கில் மத்திய அரசுக்கு எழுத்தர்களைத் தேர்ந்தெடுக்கும் ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன். கொஞ்சம் தள்ளி லோதி எஸ்டேட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று. கணினியில் ஒரு கடிதம் அடிக்கக் கற்பது என்ற சின்ன விஷயத்தை இந்தியா எப்படிப் பார்க்கிறது என்று அறிய இந்தச் சாலையை விட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை. அதே விஷயம் இலங்கையில் எப்படி நடக்கிறது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டு நாட்டுத் தமிழர்களுக்கும் எது கிடைக்கிறது, எது கிடைக்காமல் போகிறது என்பது புரியும்.

முதலில் இந்தியா. தொடக்கநிலை மாணவர்களுக்கான மிகப் பிரபலமான அரசுச் சான்றிதழ் சி.சி.சி. நடத்துவது நைலிட் நிறுவனம். 2011 வரை டோயக் என்ற பெயரில் இருந்தது. எலெக்ட்ரானிக்ஸ் நிகேதன் முகவரியில் பல ஆண்டுகள் இயங்கிவிட்டு இப்போது துவாரகாவுக்குப் போய்விட்டது. சி.சி.சி. 80 மணி நேரப் படிப்பு. அதில் 25 மணி பாடம், 5 மணி விளக்க வகுப்பு, 50 மணி செய்முறை. காகிதத்தில் பார்த்தால் நல்ல விகிதம். மாற்றியமைத்த பாடத்திட்டத்தில் சொற்செயலிக்கு லிப்ரே ஆபிஸ் ரைட்டரை வைத்திருக்கிறார்கள். இலவச மென்பொருள் என்பதால் மாணவர் வீட்டுக்குப் போயும் பழகலாம். இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் தேர்வு என்று வரும்போது அந்த 50 மணி செய்முறை எங்கே போகிறது? தொண்ணூறு நிமிடத்தில் நூறு கொள்குறி வினாக்கள். எந்தப் பயிற்சி மையத்திலும் சேராமல் நேரடியாகவே எழுதலாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கும் சிற்றூரில் இருப்பவருக்கும் இது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வரியைப் பக்கத்தின் நடுவில் நிறுத்த எந்த விசைகளை அழுத்த வேண்டும் என்று கேட்டால் சரியான விடையைத் தொட்டுவிடும் அதே மாணவர், விண்ணப்பக் கடிதம் அடிக்கும்போது ஸ்பேஸ் பாரை இருபது முறை தட்டித் தலைப்பை நடுவுக்குத் தள்ளுகிறார். விடை தெரிந்தவருக்குக் கை வரவில்லை என்பதைக் கண்டுபிடிக்கும் இடம் அந்தத் தேர்வில் இல்லை.

பன்னிரண்டாம் பிளாக் கதை இன்னும் சுவாரசியமானது. பன்னிரண்டாம் வகுப்புத் தகுதியில் எழுத்தர் வேலைக்கு வருபவரிடம் கமிஷன் கேட்பது வேகம். ஆங்கிலம் என்றால் நிமிடத்துக்கு 35 சொற்கள், இந்தி என்றால் 30. திரையில் காட்டுவதைப் பார்த்து அப்படியே அடிக்க வேண்டும், அவ்வளவுதான். பட்டதாரிகளுக்கான தேர்வில் சில பதவிகளுக்கு முன்பு சி.பி.டி. என்றொரு செய்முறைத் தேர்வு இருந்தது. சொற்செயலி, விரிதாள், ஸ்லைடு தயாரித்தல் மூன்றையும் தேர்வர் கணினியில் செய்து காட்ட வேண்டும். 2022-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து அதை எடுத்துவிட்டு, கணினி அறிவுக்குக் கொள்குறி வினாக்களையும் கைவேகத்துக்குத் தட்டச்சுத் தேர்வையும் வைத்தார்கள். லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வு, திருத்துவது பெரும்பாடு என்ற நியாயம் இருக்கலாம். ஆனாலும் கமிஷனின் தேர்வுகளில் ஆவணத்தை உருவாக்கத் தெரிகிறதா என்று நேராகப் பார்த்த ஒரே ஏற்பாடு அதுதான், போய்விட்டது.

தட்டச்சு மொழிப் பட்டியலில் தமிழ் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். மத்திய அரசு ஊழியர் இந்தித் தட்டச்சு கற்றுத் தேர்ந்தால் ஊக்கத்தொகை உண்டு. தமிழுக்கு அந்தப் பேச்சே கிடையாது. லோதி எஸ்டேட் பள்ளியில் தமிழை ஒரு பாடமாகப் படித்த பிள்ளைக்கும் தமிழில் ஒரு பக்கம் அடிக்கத் தெரிய வேண்டிய கட்டாயம் எந்தக் கட்டத்திலும் வருவதில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. தமிழ், ஆங்கிலத் தட்டச்சுத் தேர்வுகளில் ஒன்றில் ஹையரும் மற்றதில் குறைந்தது லோயரும் முடித்தவருக்குத்தான் டைப்பிஸ்ட் வேலை. அதோடு கம்ப்யூட்டர் ஆன் ஆபிஸ் ஆட்டோமேஷன் சான்றிதழும் கேட்கிறார்கள். கணினி வந்து எத்தனையோ ஆண்டுகளான பின்னும் தட்டச்சுப் பொறியில் தட்டித் தேறிய விரல்கள்தான் அரசு அலுவலகக் கணினிக்கு வந்து சேர்ந்தன. பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் ஓப்பன் ஆபிஸ் ரைட்டரைத் தமிழ்வழியிலும் படிக்கலாம். நல்ல நூல்தான். தேர்வு நெருங்கும்போது அதையும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள் என்பது நூலின் குற்றமல்ல.

இப்போது கடலுக்கு அந்தப் பக்கம். இலங்கையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல், பள்ளிப் பொதுப் பரீட்சையான சாதாரண தரத்தில் ஒரு விருப்பப் பாடம். பாடநூலை அரசே தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு இலவசமாகத் தருகிறது. அடுத்த கட்டமான உயர்தரத்துக்கு வந்தவர்களுக்கு ஜி.ஐ.டி. என்ற பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சை தனியாக உண்டு. அதன் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதியில் சேராது. ஆகவே டியூட்டரிகளில் பௌதிகவியலுக்கு நிற்கிற கூட்டத்தில் ஒரு பங்கும் இதற்கு நிற்காது. இது இலங்கையின் பலவீனம்.

பலம் இருப்பது தொழிற்பயிற்சியில். என்.வி.கியூ. என்ற தேசியத் தொழிற்தகைமை முறையில் மூன்றாம் மட்டத்தில் கணினிப் பிரயோக உதவியாளர் என்றொரு தகைமை. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் உட்படப் பல இடங்களில் கற்கலாம். இங்கே மதிப்பீட்டாளர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். கடிதத்தை அமைத்துக் காட்ட வேண்டும், அட்டவணை போட வேண்டும், அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். செய்ய முடிந்தால் தேர்ச்சி. முடியாவிட்டால் இன்னும் தேர்ச்சி பெறவில்லை என்று பதிவு, திரும்ப வரலாம். சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று வினாத்தாள் கொடுத்துக் கேட்பதற்கும் ஓட்டச் சொல்லிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். சிறிய நாடு, அதனால் முடிகிறது என்பார்கள். பாதி உண்மை. இந்தியாவில் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கும் ஐ.டி.ஐ.களில் செய்முறைத் தேர்வு நடக்கிறதே!

ஊர் மக்களுக்கு என்று பார்த்தால், இ-ஸ்ரீலங்கா திட்டத்தின் கீழ் நெனசல நிலையங்கள் 2000-களின் நடுவில் வந்தன. தமிழ்ப் பகுதிகளில் அறிவகம் என்று பெயர். நடத்தியது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம். விகாரை வளாகம், சனசமூக நிலையம், நூலகம் என்று ஆள் கூடும் இடமாகப் பார்த்து வைத்தார்கள். 2014-ல் இத்திட்டத்துக்கு கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து லட்சம் டொலர் விருது கிடைத்தது. பிறகு கைபேசி வந்தது. உதவித்தொகை குறைந்த இடங்களில் நிலையங்கள் மங்கின. இந்தியா இதே வேலையை 2017-ல் பி.எம்.ஜி.திஷா என்ற பெயரில் வேறொரு அளவில் செய்தது. ஆறு கோடி கிராமக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவர், ஆளுக்கு 20 மணி நேரம். 2024 மார்ச்சில் முடிந்தபோது இலக்கைத் தாண்டியிருந்தார்கள். ஆனால் அந்த இருபது மணியில் கைபேசி, இணையம், பணப் பரிமாற்றம் ஆகியவைதான் பிரதானம். ஒரு மனுவைத் தானே அடித்துக்கொள்ள அது போதாது. அதற்கு இன்னமும் ஜெராக்ஸ் கடைக்குத்தான் போகிறார்கள். யாழ்ப்பாணத்தில் கொமினிகேஷன் கடை.

இனி விசைப்பலகை. இரு நாட்டுக்கும் பொதுவான ஒரு மூதாதை இங்கே உண்டு: 1886-ல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, சிங்கப்பூர் போய், தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா. ஒரு தொடக்கமாக இருந்தும் இன்று பாதைகள் மூன்று. இலங்கை தட்டச்சுப் பொறி மரபிலேயே வந்த ரெங்கநாதன் விசைப்பலகையை 2008-ல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரமாக்கியது. அதில் கொ அடிக்க, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு. சென்னையில் 1999-ல் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு ஏற்ற தமிழ் 99-ல் க, ஒ என்று இரண்டே தட்டு. ககரத்தை இருமுறை அடித்தால் புள்ளி தானே விழும். மூன்றாவது லோதி ரோட்டுச் சரக்கு: இன்றைய அமைச்சகத்தின் முன்னோடியான மின்னணுத் துறை 1986-ல் வகுத்த இன்ஸ்கிரிப்ட்.

இன்ஸ்கிரிப்டைத் தமிழ்நாட்டில் பலருக்குப் பிடிக்காது. தமிழுக்கென்று பிறக்கவில்லை என்பது புகார், சரிதான். ஆனால் தில்லித் தமிழ்ப் பிள்ளைக்கு அது ஒரு புதையல். இந்திக்கு ‘க’ எந்த விசையோ தமிழுக்கும் அதே விசை. ப, ம, த, ந எல்லாம் அப்படியே. பள்ளியில் இந்தித் தட்டச்சை இந்த முறையில் பழகிய பிள்ளை மொழியை மாற்றி, இந்தியில் இல்லாத சில எழுத்துகளை மட்டும் கூடுதலாகப் பழகினால் போதும், தமிழ் அடிக்கும். இதைத் தில்லியில் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதாகத் தெரியவில்லை.

எது உயர்ந்தது என்ற சண்டை தொடக்கநிலை மாணவருக்குத் தேவையற்றது. அவருக்கு உண்மையான கேடு எழுத்துருவில் இருக்கிறது. இலங்கையில் பாமினி, தமிழ்நாட்டில் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் பழக்கிவிடுகிறார்கள். திரையில் தமிழ் தெரியும். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துக் குவியல். அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால் குட்டு வெளிப்படும். தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, பிழைதிருத்தி வேலை செய்யாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் உளறும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது. எஸ்.எல்.எஸ். 1326-ம் யூனிகோடு வழிப்பட்டதே. 2005-ல் தயாநிதி மாறன் அமைச்சராக இருந்தபோது லோதி ரோட்டு அமைச்சகமே தமிழ் எழுத்துருக்கள், தமிழ் ஓப்பன் ஆபிஸ் எல்லாம் அடங்கிய குறுந்தகட்டை இலவசமாகக் கொடுத்தது. சட்டமும் கருவியும் வந்துவிட்டன. வகுப்பறைகளில் பல இன்னும் பழைய இடத்திலேயே நிற்கின்றன, இரண்டு நாட்டிலும்.

ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். இலங்கையில் 1987-ன் பதின்மூன்றாம் திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. நடைமுறையில் குறை ஆயிரம். சிங்களத்தில் மட்டும் வந்து சேரும் கடிதங்கள் பற்றிய முறைப்பாடு இன்றும் ஓயவில்லை. இருந்தாலும் வடக்கிலோ கிழக்கிலோ பிரதேச செயலகத்தில் வேலைக்குப் போகிறவருக்குத் தமிழில் அடிக்கத் தெரிவது அன்றாடத் தேவை. தேவை இருக்கும் இடத்தில் கற்பித்தலும் தங்குகிறது. தில்லியில் தமிழுக்கு அந்தத் தேவை வீட்டுக்குள் மட்டும்தான், அதுவும் கைபேசியில்.

என் தீர்ப்பு இதுதான்: மதிப்பிடும் முறையில் இலங்கையின் என்.வி.கியூ. மேல், மென்பொருளை இலவசமாக வைத்து, எவரும் எழுதலாம் என்று கதவைத் திறந்ததில் இந்தியா மேல். கற்பிக்கும் வரிசையில் இருவரும் தவறுகிறார்கள். மெனுக்களின் பெயரில் தொடங்கிக் கடிதத்தில் முடிக்கிறார்கள். அதைத் தலைகீழாக்க வேண்டும். முதல் நாளே யூனிகோடு தமிழில் அம்மாவுக்கு நாலு வரிக் கடிதம், பத்தி முடிந்தால்தான் என்டர், நடுவில் நிறுத்த ஸ்பேஸ் பார் கூடாது, தலைப்புக்கு ஸ்டைல், சேமித்து மறுநாள் திறந்து திருத்தல். மெனுக்கள் தேவைப்படும்போது தாமே அறிமுகமாகும்.

லிப்ரே ஆபிஸ் தமிழ் இடைமுகத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ் 10-ல் 2019-லிருந்து தமிழ் 99 உள்ளேயே இருக்கிறது. இன்ஸ்கிரிப்ட் அதற்கு முன்பிருந்தே உண்டு. கணினி வகுப்பு நடத்துகிறவர்கள், தில்லியிலோ திருநெல்வேலியிலோ திருகோணமலையிலோ இருந்தாலும், அடுத்த அணி மாணவர்களுக்கு மெனுப் பாடத்துக்கு முன்னால் அந்த நாலு வரிக் கடிதத்தை வைத்துப் பாருங்கள்.