கே.எல்.எக்ஸ். 150: எண்ணெய் ஒழுகும்போதுதான் அருமை தெரியும்

வேகத்தைப் பற்றிப் பேசினால் கவாசாகி கே.எல்.எக்ஸ். 150க்கு ஒரு பத்திக்கு மேல் தேறாது. 144 சிசி, காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர், 5 கியர், பழைய பாணி கார்புரேட்டர். ஈப்போ சாலையில் இதை எவ்வளவு முறுக்கினாலும் பின்னால் வரும் லாரிக்காரருக்குப் பொறுமை இருக்காது. ஆனால் மலேசியாவின் காம்பார் பக்கத்தில் ஸ்க்ரம்ளர் வாங்குகிறவர் தார்ச்சாலையை நினைத்து வாங்குவதில்லை. ஈயக்குட்டைகளைச் சுற்றிய மணல்மேடு, செம்பனைத் தோட்டத்துச் செம்மண் தடம், மிச்சமிருக்கும் பால்மரக் காட்டின் ஓரம், இவைதான் இதன் சாலை. அங்கே ஓடும் வண்டி எதுவானாலும் ஒருநாள் எஞ்சினடியில் கறுப்பாகச் சொட்டத்தான் போகிறது. ஸ்பானர் பிடித்துப் பழகாதவர் அதைத் தானே சரிசெய்துகொள்ள இந்த வண்டி இடம் கொடுக்கிறதா? நான் இதை ஓட்டிப் பார்த்ததைவிடக் கழற்றிப் பார்த்ததுதான் அதிகம்.

முதலில் இந்த ஊர் மணலைப் பற்றி. கிந்தா பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக மண்ணைக் கழுவி ஈயம் எடுத்தார்கள். கழுவித் தள்ளிய மணல் இன்னும் மேடு மேடாகக் கிடக்கிறது. பெரும்பாலும் குவார்ட்ஸ், இரும்பையே தேய்க்கும் கடினம். செயின் எண்ணெயோடு சேர்ந்து முன் ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் களிம்பாக அப்பிக்கொள்ளும். கியர் மிதியின் தண்டும் ஸ்ப்ராக்கெட் தண்டும் எஞ்சினை விட்டு வெளியே வருவது அந்த இடத்தில்தான். அங்குள்ள ரப்பர் சீல்களின் உதட்டை அந்தக் களிம்பு அரைக்கிறது. கவாசாகி மேல் பழி போடுவதற்கு இதில் ஒன்றுமில்லை. எந்த ஸ்க்ரம்ளரையும் இங்கே ஓட்டினால் இடப்பக்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு பொய்க் கசிவு உண்டு. எண்ணெய் அளவு பார்க்கும் சிறு கண்ணாடி எஞ்சினின் வலப்பக்கம், கீழே இருக்கிறது. வண்டியோ ஸ்டாண்டு போட்டால் இடப்பக்கம் சாயும். சாய்ந்த வண்டியில் பார்த்தால் எண்ணெய் குறைந்த மாதிரி தெரியும். புதிதாக வருகிறவர் ‘மிஞ்யாக் ஹித்தாம்’ எனும் எஞ்சின் எண்ணெய் டப்பாவைத் திறந்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். மிஞ்சிய எண்ணெயை எஞ்சின் மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தள்ளிவிடும். அது வடிந்து கீழே சொட்டும். சீலெல்லாம் நன்றாகவே இருக்கும்! ஆகவே, சூடான எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் விட்டு, வண்டியை நேராக நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றால் போதும்.

அளவு சரி, இன்னும் சொட்டுகிறது என்றால் தேட வேண்டும். எண்ணெய் கீழே இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் இழுக்கும். சொட்டும் இடத்தை நம்பாதீர்கள். நனைந்திருப்பதிலேயே மேலே, முன்னால் இருப்பது எது என்று பாருங்கள். ஆறிய எஞ்சினை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவிக் காயவைத்து, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவுங்கள். பிறகு தார்ச்சாலையில் மெதுவாக ஒரு சுற்று. நிற்க வைத்தே நெடுநேரம் ஓடவிடக் கூடாது, காற்றில் குளிரும் எஞ்சின் அல்லவா. திரும்பி வந்து பார்த்தால் வெள்ளைப் பவுடரில் ஒரு பழுப்புக் கோடு ஊற்றுவாயைக் காட்டும். இந்த வேலையில் கே.எல்.எக்ஸுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ரேடியேட்டர் இல்லை, எஞ்சினை மறைக்கும் பிளாஸ்டிக் இல்லை, டார்ச் அடித்தால் எல்லாம் தெரிகிறது.

கியர் தண்டின் சீல்தான் என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். வண்டியை வலப்பக்கமாகச் சுவரில் சாய்த்தால் எண்ணெயை வடிக்காமலே வேலை பார்க்கலாம். மிதி எந்தப் பல்லில் நிற்கிறது என்று மார்க்கரில் கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். ஸ்ப்ராக்கெட் மூடியைத் திறந்ததும் களிம்பை முழுதாகத் துடையுங்கள். இல்லையென்றால் மணல் உள்ளே போகும். பழைய சீலில் ஒரு சிறு திருகாணியை லேசாக ஏற்றிக் குறட்டால் இழுத்தால் வந்துவிடும். தண்டில் கீறல் படக்கூடாது, அதை உள்ளே தட்டவும் கூடாது. புதுசைப் போடும்போது தண்டின் பற்கள் அதன் உதட்டைக் கிழிக்கும். பற்களின் மேல் செலோடேப் சுற்றி, எண்ணெய் தடவி, ஸ்பிரிங் தெரியும் பக்கம் உள்ளே பார்க்க நழுவவிடுங்கள். சீலின் வெளிவிட்டத்துக்குச் சற்றுச் சிறிய சாக்கெட்டை வைத்து, நேராக, மெல்லத் தட்டினால் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த வண்டியில் எனக்குப் பயமெல்லாம் அலுமினிய எஞ்சின் உடம்பில் இறங்கும் சின்ன போல்ட்டுகள்தான். டிரெய்ன் போல்ட் கசிகிறதென்று இன்னும் இறுக்குகிறவர்கள்தான் மரையைக் கெடுக்கிறார்கள். வாஷரை மாற்றினால் நிற்க வேண்டிய கசிவு அது. டார்க் ஸ்பானர் இரவல் கிடைத்தால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். கேஸ்கெட் ஓரத்தில் வெளியிலிருந்து சிலிக்கோன் பூசுவது எனக்குப் பிடிக்காத வைத்தியம். மூடிக்குள் தாராளமாகப் பூசினாலோ பிதுங்கிய துணுக்குகள் எண்ணெய் வடிகட்டியில் போய் அடைக்கும். ஊற்றும் எண்ணெயில் ஜாஸோ எம்.ஏ. முத்திரை இருக்கட்டும். கார் எண்ணெய் சிலவற்றில் உள்ள வழுக்கும் மருந்து, எண்ணெயிலேயே ஊறும் இதன் கிளட்ச்சை நழுவவைக்கும்.

கழிவு எண்ணெயைச் சாக்கடையில் விடாதீர்கள். மலேசியச் சட்டத்தில் அது எஸ்.டபிள்யூ. 305 என்று எண் போட்ட கழிவு. டப்பாவில் பிடித்து, பழைய எண்ணெய் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

கப்சாய் எனும் சின்ன மோட்டார்சைக்கிளைப் பிரித்துப் பழகியவருக்கு இது அடுத்த படி, அவ்வளவுதான். முதன்முதலாக ஸ்பானர் எடுப்பவருக்கும் சீல், வாஷர், மேல்மூடி ரப்பர் வரை இந்த வண்டி இடம் கொடுக்கும். பவுடரில் தெரிந்த கோடு எஞ்சினின் இரண்டு பாதிகள் சேரும் நடுக்கோட்டிலிருந்து தொடங்கினால் மூடிவைத்துவிட்டுப் பட்டறைப் போர்மெனைக் கூப்பிடுங்கள். அதற்கு எஞ்சினையே இறக்கிப் பிளக்க வேண்டும். பின் டயரில் எண்ணெய் பட்டிருந்தால் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள், லாரியில் ஏற்றுங்கள்.