யுத்தச் செய்தியும் தோன்றா எழுவாயும்

யுத்தத்தில் அகப்பட்ட குடிஜனங்களின் துன்பத்தைப் பத்திரிகைகள் எழுதும் முறையைக் குறித்து இவ்வாரம் சிறிது ஆராய விரும்புகிறோம். இது நடையழகைப் பற்றிய ஆராய்ச்சியன்று, நியாயத்தைப் பற்றியது.

இலக்கணம் பயின்றோர் தோன்றா எழுவாய் இன்னதென அறிவர். 'வந்தேன்' என்றால், 'நான்' என்பது வெளிப்பட நில்லாவிடினும், வினைமுற்றின் விகுதியே அதைக் காட்டிவிடும். யுத்தச் செய்தியிலோ வேறொரு வகைத் தோன்றா எழுவாய் உண்டு. 'குண்டு விழுந்தது; முப்பது பேர் மாண்டனர்' என்று எழுதுகிறார்கள். குண்டு என்ன, பழுத்த பனம்பழமா, தானே விழுவதற்கு? போட்டவன் எங்கே? எந்த விகுதியும் அவனைக் காட்டிக்கொடாது. இலக்கணத்தில் எழுவாய் மறைவது சுருக்கத்தின் பொருட்டு. செய்தியில் மறைவது கொன்றவனுடைய சௌகரியத்தின் பொருட்டு.

இந்தக் குற்றத்தின் பலனை அறிய நெகிரி செம்பிலானை விட்டு வெளியே போகவேண்டுவதில்லை. 1942-ம் ஆண்டு மார்ச்சு 16-ந் தேதி கோலாப் பிலாவை அடுத்த பாரிட் திங்கியிலும், 18-ந் தேதி ஜெலெபுவில் தித்தியை அடுத்த குடியிருப்பிலும், ஜப்பானியப் படையினர் சீனக் குடும்பங்களைக் குழந்தை குட்டிகளோடு கொன்று குவித்தனர். முன்னதில் 600-க்கு மேற்பட்டோர், பின்னதில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாகக் கணக்கு. அக்காலத்தில் மலாயாவின் பத்திரிகைகள் ஜப்பானியர் கையில் இருந்தமையால் உண்மை அச்சேற வழியில்லை. 1987-ல் ஹயாஷி ஹிரோஃபுமி என்னும் ஜப்பானியச் சரித்திராசிரியர் அப்படையின் தினக்குறிப்பையே தம் நாட்டு ஆவணச்சாலையில் கண்டெடுத்தார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் கொன்றவர் எழுத்திலேயே எழுவாய் தோன்றிற்று!

உண்மையை அச்சிட இடமில்லாத அந்நாளில் விளம்பரத்துக்கு மட்டும் இடமிருந்தது. சயாமில் மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி, உணவும் இருப்பிடமும் வைத்தியமும் இலவசம் என்று ஆள் திரட்டினார்கள். நம்பிப் போனவர் சிலர்; வலுக்கட்டாயமாக ஏற்றப்பட்டவர் பலர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட 70,000-க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் பால்மரம் வெட்டிய நம் தோட்டத் தமிழரே. காலராவுக்கும் பட்டினிக்கும் அடிக்கும் இரையான ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என மதிக்கப்படுகிறது. அங்கு மாண்ட நேச நாட்டு யுத்தக் கைதிகள் 12,000-க்கு மேற்பட்டோர்.

காஞ்சனபுரியில் அக்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாய் நிற்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் பொறிக்கப்பட்டுள்ளன. அதில் நமக்குப் பொறாமையில்லை. ஆனால் நம்மவனுக்குப் பெயர் பொறித்த அத்தகைய கல்லறை வரிசை இல்லை. 1957-ல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்தை உலகமே கண்டது. அதைக் கண்டவர்களுக்கு அப்பாதையில் தமிழன் செத்தான் என்பது தெரிய வழியில்லை. நமது ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலை எழுதி 1993-ல் வெளியிட நேர்ந்தது. பத்திரிகை வெட்டாத கிணற்றை நாவலாசிரியர் வெட்டினார். ஆயினும் நாவல் துக்கத்தைத் தரும். இறந்தோர் பட்டியலைத் தராது.

நிற்க. இன்றைய பாலஸ்தீனச் செய்திகளை இந்த அநுபவத்தோடு படிக்கவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். 2023-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி ஹமாஸ் இயக்கத்தாரும் கூட்டாளிகளும் இஸ்ரேலுக்குள் புகுந்து ஏறக்குறைய 1,200 பேரைக் கொன்று, சுமார் 250 பேரைப் பிணையாகக் கொண்டுபோயினர். அதன்பின் இஸ்ரேல் நடத்திய யுத்தத்தில், 2025 முடிவதற்குள், காஸாவில் 70,000-க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அங்குள்ள சுகாதார இலாகா கணக்கிட்டது. முன்னதை 'அசம்பாவிதம்' என்பவனும், பின்னதை 'மோதலில் உயிரிழப்பு' என்பவனும் ஒரே பள்ளியில் படித்தவர்களே. இரு வாக்கியத்திலும் எழுவாயைக் காணோம்.

எழுவாயைக் கண்டுபிடிக்க இயலாதா? இயலும். 2022 மே 11-ல் ஜெனினில் அல் ஜஸீரா நிருபர் ஷிரீன் அபு அக்லே சுட்டுக் கொல்லப்பட்டார். பாலஸ்தீனத் துப்பாக்கிக்காரரே சுட்டிருக்கலாம் என்றனர் இஸ்ரேலிய அதிகாரிகள். அசோஸியேட்டட் பிரஸ், நியூயார்க் டைம்ஸ் முதலிய ஸ்தாபனங்கள் படங்களையும் ஒலியையும் சாட்சிகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தன. அவ்வாராய்ச்சிகள் இஸ்ரேலியச் சிப்பாயையே சுட்டின. செப்டம்பரில் அப்படையும், தவறுதலாக என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டு, தன் சிப்பாய் சுட்டிருக்க மிகுந்த சாத்தியம் உண்டென ஒப்பிற்று. பத்திரிகைத் தொழில் என்பது இதுவன்றோ?

இங்கே நம்மவரில் சிலர் ஒரு கேள்வி கேட்கின்றனர்: 'காஸாவுக்கு அழுகிற இந்நாடு 2009-ல் முள்ளிவாய்க்காலுக்கு அழுததா?' மனம் நொந்து கேட்கும் கேள்வி. அந்த நோவு பொய்யன்று. அவ்யுத்தத்தின் கடைசி மாதங்களில் மாண்ட குடிஜனங்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்று 2011-ல் ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு கூறிற்று. சுயேச்சையான நிருபர்களை இலங்கை அரசாங்கம் யுத்த களத்துக்குள் விடவில்லை. காஸாவிலும் அந்நிய நிருபர் சுயேச்சையாய் நுழைய இஸ்ரேல் தடை விதித்தது. உள்ளூர் நிருபர்களும் ஊடக ஊழியர்களுமாக 200-க்கு மேற்பட்டோர் 2025 முடிவதற்குள் உயிரிழந்தனர். இரண்டிடத்தும் முதலில் அடைக்கப்பட்டது சாட்சியின் வாய். ஆகையால், நமக்கு அழாதவருக்காக நாம் ஏன் அழவேண்டும் என்பது தர்க்கமாகாது. நமக்கு இழைத்த அநீதியைப் பிறருக்கும் இழைப்பது பழிவாங்குதலுமாகாது. காஸாவில் கொன்றவன் பெயரை மறைக்க இணங்குவோர், முள்ளிவாய்க்காலில் கொன்றவனை எந்த வாய்கொண்டு கேட்பர்?

எனவே, சிரம்பானில் கடைத்தெருவில் படிப்பவராயினும், பகாவ் பக்கத் தோட்டத்து லயத்தில் படிப்பவராயினும், யுத்தச் செய்தி ஒவ்வொன்றையும் மூன்று கேள்வி கேட்டே ஏற்றல் வேண்டும். கொன்றவர் யார்? மாண்டவர் யார், அவருக்குப் பெயருண்டா? எழுதியவர் இதை எவ்வாறு அறிந்தார்? விடை தராத செய்தியை அரைச் செய்தியென்று தள்ளுங்கள். தமிழ்ப் பத்திரிகையானால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று. சயாமுக்குப் போய்த் திரும்பாத பாட்டன் பெயர் உங்கள் வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால், அவர் எந்தத் தோட்டம், எந்த ஆண்டு போனார் என்பதோடு அதை இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டால் அந்தப் பெயரைத் தேடித் தர நமக்கு ஓர் ஹயாஷி வரமாட்டார்.