ஏழு மில்லி செகண்ட்

போன வருடம் நண்பனின் காரில் ஜே டில்லாவின் பாட்டு ஒன்றைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "டிரம்ஸ் லேட்டா வருதுலா மச்சான். ஸ்பீக்கர் போச்சா?"

அவன் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. டில்லாவை வியப்பவர்கள்தான் அதைத் தவறாக விளக்குகிறோம். விரல் முன்னே பின்னே தட்டினாலும் தாளத்தை ஒழுங்கான கட்டத்துக்குள் இழுத்து வைக்கும் வசதிக்கு குவாண்டைஸ் என்று பெயர். டில்லா அதை அணைத்துவிட்டுக் கையால் தட்டினார், அதனால்தான் அந்த இசையில் மனித வாசம் வீசுகிறது என்பார்கள். நானும் ரொம்ப நாள் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவர் அதை அணைத்ததும் உண்டு. ஆனால் அது பாதிக் கதை. 1974இல் டிட்ராய்ட்டில் பிறந்த ஜேம்ஸ் டெவிட் யான்சி என்கிற டில்லாவின் முக்கியக் கருவி, அக்காய் எம்பிசி 3000. அது ஒரு தட்டை 96 துண்டுகளாகப் பிரிக்கும். நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் கணக்குப் போட்டால், ஒரு துண்டு ஏறக்குறைய 7 மில்லி செகண்ட். ஒரு ஒலியை மட்டும் சில துண்டுகள் முன்னேயோ பின்னேயோ நகர்த்த அதில் வழி உண்டு. டான் சார்னஸ் 2022இல் எழுதிய 'டில்லா டைம்' புத்தகம் இதை விளக்குகிறது. ஒரு ஒலி நேராகப் போகும், இன்னொன்று ஆடி அசைந்து வரும், மூன்றாவது கொஞ்சம் முந்திக்கொள்ளும். மூன்றும் ஒரே பாட்டில்!

நான் தொழிற்சாலையில் வேலை செய்பவன். இயந்திரங்களுக்கு இடையிலான மில்லி செகண்ட் பிசகைத் தேடித் தேடி நீக்குவதுதான் என் சம்பளம். டில்லா அதே பிசகை அளந்து வைத்தார். இதை வெறும் 'உணர்வு' என்று சொல்வதில்தான் எனக்குச் சிக்கல். கறுப்பினக் கலைஞனுக்கு ஆன்மா உண்டு, உள்ளுணர்வு உண்டு என்று தாராளமாகக் கொடுக்கிறோம். மூளை உண்டு என்று சொல்லும்போது மட்டும் கை சுருங்குகிறது.

அந்தக் கதை உண்மையென்றால் க்வெஸ்ட்லவ்வை எங்கே வைப்பது? ரூட்ஸ் குழுவின் டிரம்மரான அவர், டி'ஆஞ்சலோவின் 'வூடூ' (2000) ஆல்பத்துக்காகத் தன் கச்சிதமான வாசிப்பைக் கலைத்து, டில்லாவின் தாளம்போல வாசிக்கப் பழகினார். மனிதக் கை இயந்திரத்திடம் பாடம் படித்தது.

2006 பிப்ரவரி 7, டில்லாவின் 32ஆவது பிறந்தநாளில் 'டோனட்ஸ்' வெளிவந்தது. மூன்று நாள் கழித்து, ரத்த நோயாலும் லூபஸாலும் அவதிப்பட்டிருந்த அவர் இறந்துபோனார். அந்த 31 துண்டுகளைக் கண்ணீரோடு கேட்பதில் தவறில்லை. ஆனால் கண்ணீரோடு நிறுத்திவிட்டால், அவர் செய்த வேலை நம் காதில் விழாது.

அவருடைய எம்பிசி இப்போது வாஷிங்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. என் நண்பனுக்கு நான் அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதில்: ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்குடா. கணக்கே அப்படித்தான்.