தாளில் விட்டுவைத்த வெயில்

இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியம் என்றாலே தைலவண்ணக் கித்தான்களைப் பற்றித்தான் பேச்சு. நீர்வண்ணம் அவற்றுக்கான முன்வேலை என்று ஒதுக்கப்படுகிறது. கடற்கரையில் ஓய்வாகப் பொழுது கழிக்கும் மனிதர்களைத் தீட்டிய படங்களைப் பொறுத்தவரை அந்த மதிப்பீடு தவறு என்பேன்.

1863இல் பாரிசிலிருந்து ரயில் வந்ததும் நார்மண்டியின் த்ரூவில் கடற்கரைக்குப் பணக்காரர்கள் கோடையில் இன்னும் திரளாக வந்தார்கள். அவர்களைத் தீட்டியவர் யூஜேன் பூதேன். இளைஞர் மோனேயைத் திறந்தவெளியில் ஓவியம் தீட்டப் பழக்கியவரும் இவரே. இவருடைய நீர்வண்ணங்களில் பென்சிலில் அவசரமாக நாலு கோடு, மேலே சாம்பலும் நீலமுமாகச் சில தீற்றல்கள். முகங்களில் கண் மூக்கு இருக்காது. ஆனால் பாவாடை காற்றில் புடைப்பதை வைத்தே காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சொல்லிவிடலாம். 1867இல், பிரிட்டனியின் ஏழை உழைப்பாளிகளைக் கண்டு திரும்பிய பூதேனுக்கு, இந்தக் கடற்கரைக் கூட்டம் வெறும் வேஷமாகப் பட்டது. நண்பருக்கு அப்படியே எழுதினார். மறு ஆண்டே, இந்தக் கடற்கரைக் கூட்டத்தாரும் ஓவியத்தில் இடம்பெறத் தக்கவர்களே என்று வாதிட்டார். அந்தத் தடுமாற்றம்தான் இப்படங்களை வெறும் அலங்காரமாகாமல் காத்தது.

1875 கோடையில் கணவருடன் இங்கிலாந்தின் வைட் தீவுக்குப் போன ஓவியர் பெர்த் மோரிசோ, காற்றையும் ஓரிடத்தில் நில்லாத படகுகளையும் பற்றிக் கடிதங்களில் அலுத்துக்கொண்டார். நீர்வண்ணத்தின் வேகம் அவருக்கு அங்கே நன்றாகவே கைகொடுத்தது.

கடற்கரை நீர்வண்ணத்தின் உச்சம் அமெரிக்காவில்தான். பாரிசில் பயின்று பாஸ்டன் திரும்பிய மாரிஸ் பிரெண்டர்காஸ்ட், 1896 வாக்கில் அருகிலுள்ள ரிவியர் கடற்கரையைத் தீட்டினார். அரசு அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டதும் 1896இல்தான். பூதேனின் சீமாட்டிகள் இருந்த இடத்தில் இப்போது நகரத்துச் சாதாரணக் குடும்பங்கள். பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி அலையில் கால் நனைக்கும் சிறுமிகள். ஈர மணலில் அவர்களுடைய பிரதிபிம்பம். ஆங்காங்கே சிவப்புக் குடைகள். சிறுமிகளின் வெள்ளை உடைகளை உற்றுப் பாருங்கள்: பல இடங்களில் வண்ணமே இல்லை, வெறும் தாள். தைலவண்ணத்தில் வெளிச்சத்தைக் கடைசியில் வெள்ளை பூசிக் கொண்டுவரலாம். நீர்வண்ணத்திலோ தூரிகையை எடுக்கும்போதே எங்கே தொடக்கூடாது என்பது முடிவாகியிருக்க வேண்டும். தொட்டுவிட்டால் அந்த வெளிச்சம் முழுசாகத் திரும்பாது. கடற்கரை வெயிலைப் பிடிக்க இதைவிடப் பொருத்தமான ஊடகம் இல்லை.

இத்தனை இருந்தும் இப்படங்கள் பின்வரிசையில் நிற்பதற்கு நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. நீர்வண்ணம் வெளிச்சம் பட்டால் மங்கும். அதனால் அருங்காட்சியகங்கள் இவற்றைப் பெரும்பாலும் இருட்டறையில்தான் வைத்திருக்கின்றன. அவ்வப்போது சில மாதங்களுக்கு மட்டும் சுவரில் மாட்டுகின்றன. கண்ணில் படாதது வரலாற்றிலும் சுருங்கிவிடுகிறது. தமிழில் கலை வரலாறு எழுதுவோர் மோனேயின் கித்தானுக்கு ஒரு பக்கம் தரும்போது, பிரெண்டர்காஸ்டின் தாளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.