எண்ணிம உயிரிகளும் பிச்சாவரமும்: அவிடா ஆய்வு பற்றிய ஒரு மதிப்பீடு

எண்ணிம உயிரி என்பது கணினி நினைவகத்தில் தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும் சிறு நிரல். நகலெடுக்கும்போது பிழைகள் நேரும். அப்பிழையால் பயன்பெற்றவை பெருகும். டாம் ரே 1990-இல் இயக்கிய டியெராவில், 80 கட்டளைகள் கொண்ட மூதாதையிலிருந்து 45 கட்டளைகளே கொண்ட ஒட்டுண்ணிகள் தோன்றின. பரிணாமம் எளிமையை நோக்கியும் செல்லும் என்பதை அது காட்டியது. சிக்கலான பண்பு எப்படி உருவாகிறது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

அக்கேள்வியை 1993-இல் தொடங்கப்பட்ட அவிடா மென்பொருளைக் கொண்டு லென்ஸ்கி, ஒஃப்ரியா, பென்னாக், அடாமி ஆகியோர் ஆராய்ந்தனர். முடிவுகள் 2003 மே மாத நேச்சர் இதழில் வெளியாயின. நகலெடுக்க மட்டுமே தெரிந்த 50 கட்டளை நிரலிலிருந்து 50 குடித்தொகைகள் தொடங்கப்பட்டன. ஒன்பது தருக்கச் செயல்களுக்குக் கூடுதல் கணினி நேரம் பரிசாக வைக்கப்பட்டது. அவற்றுள் கடினமானது, இரு எண்களைப் பிட்டு பிட்டாக ஒப்பிடும் 'சமம்'. 23 குடித்தொகைகளில் அது தோன்றியது. எளிய செயல்களுக்கான பரிசை நீக்கியபோது 50-இல் ஒன்றில்கூடத் தோன்றவில்லை.

படிக்கட்டை ஆய்வாளர்களே கட்டிவைத்தனர் என்பது இவ்வாய்வின் மீது வழக்கமாக வைக்கப்படும் குறை. இது பாதியளவே சரி. இயற்கையில் படிகள் உண்டு என்று இவ்வாய்வு நிறுவவில்லை. படிகள் இருந்தால், இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதையே சோதித்தது. ஒவ்வொரு திடீர் மாற்றமும் பதிவாகியிருப்பதே இதன் பெரிய வலிமை. தோன்றியபோது தீங்காயிருந்த சில மாற்றங்கள் பின்னர் 'சமம்' உருவாக அடித்தளமாயின என்பதைப் புதைபடிவங்களில் இப்படிக் காணமுடியாது.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டோடு ஒப்பிட்டால் ஆய்வின் பலமும் குறையும் தெரியும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்த உவர்ச் சேற்றில் சுரபுன்னை முட்டுவேர்களால் நிற்கிறது. அதன் விதை தாய்மரத்திலேயே முளைக்கிறது. வெண்கண்டல் மூச்சுவேர்களை மேலே நீட்டி, இலைச் சுரப்பிகளால் உப்பை வெளியேற்றுகிறது. சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லையும் இங்கு உண்டு. மூன்றும் மூன்று வேறு குடும்பங்கள். உவர்நிலத்துக்குத் தனித்தனியே வந்து சேர்ந்தவை. 23 குடித்தொகைகளும் வெவ்வேறு வழிகளில் 'சமத்தை' அடைந்ததற்கு இது நெருங்கிய ஒப்புமை.

ஆனால் அவிடாவின் அச்சோதனையில் பரிசுப் பட்டியல் மாறவேயில்லை. பிச்சாவரத்திலோ வேர்கள் வண்டலைப் பிடித்துத் தாம் நிற்கும் நிலத்தையே மாற்றுகின்றன. அடுத்த தலைமுறை எதிர்கொள்ளும் சூழல் முந்தைய தலைமுறையின் ஆக்கம். மேலும், அந்த எண்ணிம உயிரிகள் பாலிலா முறையில் பெருகின. பிச்சாவரத்தில் கண்டறியப்பட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய 'ரைசோபோரா அண்ணாமலயானா' இரு சுரபுன்னை இனங்களின் கலப்பு. இத்தகைய கலப்புக்கு 2003 சோதனையில் இடமே இல்லை. ஆய்வை மேற்கோள் காட்டும் மாணவர் கட்டுரைகள் 23 என்ற எண்ணைச் சொல்கின்றன. இந்த வரம்புகளைப் பெரும்பாலும் சொல்வதில்லை.