தத்ரூபமான குதிரை

பக்கத்து வீட்டுப் பையன் சென்ற வாரம் ஒரு குதிரைப் படத்தைக் கொண்டுவந்து காட்டினான். பென்சில் படம். ஒரு போட்டோவைப் பார்த்து மூன்று நாள் உட்கார்ந்து போட்டானாம். பிடரி மயிர் இழை இழையாக இருந்தது. கண்ணில் ஒரு துளி வெளிச்சம்கூட விட்டுவைத்திருந்தான். பார்த்தவர்கள் எல்லோரும் "தத்ரூபம்" என்றார்கள். நானும் அப்படியே சொல்லிவைத்தேன். சொன்ன பிறகு மனசு ஒப்பவில்லை. அந்தக் குதிரை நிற்கவில்லை, காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தனை பெரிய உடம்பின் கனம் கால்களில் இறங்கவே இல்லை.

இந்தக் கனத்தைத் தேடிப் போன ஒருவரை எனக்குத் தெரியும். ஜார்ஜ் ஸ்டப்ஸ், 1724-ல் லிவர்பூலில் பிறந்த ஆங்கிலேயச் சித்திரக்காரர். 1756-ல் லிங்கன்ஷயரில் ஹார்க்ஸ்டோ என்ற கிராமத்தில் ஒரு பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, சுமார் பதினெட்டு மாதங்கள் செத்த குதிரைகளோடு வாழ்ந்தார். உடலைக் கொக்கிகளில் தொங்கவிட்டு, உயிரோடு நிற்பதுபோலவே நிறுத்தி, தோலை உரித்து, தசைகளை அடுக்கடுக்காக நீக்கி, எலும்பு வரும்வரை வரைந்துகொண்டே போனார். அந்த வீட்டின் நாற்றத்தை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மேரி ஸ்பென்சர் என்ற பெண்மணி கூட இருந்து உதவினாள். அந்தச் சித்திரங்களைத் தாமே தகடுகளில் செதுக்கி 1766-ல் குதிரையின் உடற்கூறு பற்றிய புத்தகமாக வெளியிட்டார். மூலச் சித்திரங்களில் பல இன்றும் லண்டன் ராயல் அகாடமியில் இருக்கின்றன.

இத்தனை பாடு எதற்கு? ஒரே உதாரணம் போதும். குதிரையின் பின்னங்காலில் பின்புறமாகத் துருத்திக்கொண்டிருக்கும் மூட்டை நாம் முழங்கால் என்று எண்ணிக்கொள்கிறோம். அது நம் குதிகாலுக்குச் சமமானது. உண்மையான முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே மறைந்திருக்கிறது. முன்னங்காலில் முழங்கால் என்று சொல்வது நம் மணிக்கட்டு. ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரலின் நுனியில்தான் குதிரை நிற்கிறது. குளம்பு அந்த விரலின் நகம். இது தெரிந்தவன் போடும் கோடு வேறு, தெரியாதவன் போடும் கோடு வேறு. போட்டோ இதைச் சொல்லித் தருவதில்லை.

லண்டன் நேஷனல் காலரியில் உள்ள "விசில்ஜாக்கெட்" ஸ்டப்ஸ் சுமார் 1762-ல் தீட்டியது. ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம். மரமில்லை, வானமில்லை, சவாரிக்காரன் இல்லை. முன்னங்கால்களைத் தூக்கிப் பின்னங்கால்களில் நிற்கிறது குதிரை. குளம்படியில் சிறு நிழல், அவ்வளவுதான். ஆனாலும் தரை இருப்பது நமக்குத் தெரிகிறது. கனம் இறங்குகிறது.

அப்படியானால் அறிவுதான் கலையா? அதுவும் இல்லை. ஸ்டப்ஸ் வரைந்த ஜிம்கிராக் என்ற பந்தயக் குதிரையின் படத்தில், தூரத்தில் ஓடும் குதிரைகள் முன்னும் பின்னும் கால்களை நீட்டிப் பறக்கின்றன. எந்தக் குதிரையும் அப்படி ஓடுவதில்லை. 1878-ல் கலிபோர்னியாவில் மைப்ரிட்ஜ் காமிராக்களை வரிசையாக வைத்துப் படமெடுத்தபோதுதான் விஷயம் தெளிவாயிற்று: நான்கு கால்களும் தரையை விட்டு எழும் நேரத்தில் அவை வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன. கொக்கியில் தொங்கிய குதிரை, எலும்பையெல்லாம் காட்டியும், இதை மட்டும் காட்டவில்லை. ஆனால் லூவரில் உள்ள ஜெரிக்கோவின் 1821-ம் வருஷத்து எப்ஸம் பந்தயப் படத்திலும் அதே தப்புத்தான். அந்தக் குதிரைகள் ஓடுகின்றன. மைப்ரிட்ஜின் படங்களில் ஒன்றைத் தனியே எடுத்துப் பார்த்தால், சரியான குதிரை அந்தரத்தில் நின்றுபோயிருக்கிறது.

இதையெல்லாம் சொல்ல எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. என் நாவல் ஒன்றில் ஜட்காக்காரன் ஒருவன் வருகிறான். அவன் பேச்சு, தலைப்பாகை, பீடி பிடிக்கும் விதம் எல்லாவற்றையும் குறிப்பெடுத்து எழுதினேன். விமர்சகர்கள் "தத்ரூபம்" என்றார்கள். நானும் நம்பினேன். இளமையில் ஜட்கா ஓட்டிய ஒரு பெரியவருக்கு அவர் மகன் அந்த நாவலை வாசித்துக் காட்டினானாம். என்னைப் பார்த்தபோது அவர் கேட்டார்: "எல்லாம் சரிதானுங்க ஐயா. குதிரைக்கு எப்பத்தான் கொள்ளு வச்சான் அவன்?"

முந்நூறு பக்கங்களில் குதிரை ஒரு வேளைகூடத் தின்னவில்லை. மயிரை இழை இழையாகப் போட்டிருந்தேன். கால் தரையில் ஊன்றவில்லை.

ஆகவே பையனின் படத்தில் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னேன். முதலில் மெல்லிய கோட்டில் மூட்டுகளையும் குளம்பையும் வைத்துப் பார். பிடரி மயிர் கடைசியில் போதும். இன்னொன்று, உன் குதிகாலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்னங்காலைப் போடு.

"நிஜக் குதிரையை எங்கே மாமா பார்க்கிறது?" என்றான். நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை மெரீனாவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அங்கே மணலில் சவாரிக் குதிரைகள் நிற்கும். பென்சிலை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும் என்பது நிபந்தனை.