ஷாட் இல்லாத பாயிண்ட் கார்டு: மரபுகளும் அளவுகோல்களும்

கூடைப்பந்து அணியில் பந்தை எடுத்து வந்து ஆட்டத்தை நடத்துபவர் பாயிண்ட் கார்டு. இவர்களுள் ஒரு சாரார், தாம் புள்ளி எடுப்பதைவிட மற்ற நால்வருக்கும் புள்ளிக்கான வழியைத் திறந்துவிடுவதையே முதற்கடமையாகக் கொள்வர். அவர்களில் பலருக்குத் தொலைவிலிருந்து எறியும் ஷாட் கைகூடியதில்லை. அப்படிப்பட்டவர் உயர்நிலைப் போட்டிகளில் வெற்றி பெற முடியுமா என்பது அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் விவாதம். லீக்கின் வரலாறு தரும் விடை, முடியும் என்பதே. ஆனால் தம்மை விட்டு விலகி நிற்கும் தடுப்பாளரை வேறு ஏதேனும் ஒரு வழியில் தண்டிக்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வழிகளைப் பொறுத்தே இவ்வகை ஆட்டக்காரர்களை மரபுகளாகப் பிரிக்க முடிகிறது.

சிக்கலின் வேர்

இன்றைய ஆட்டத்தின் அடிப்படை பிக் அண்ட் ரோல். உயரமான ஆட்டக்காரர் ஒருவர் வந்து, பந்து வைத்திருப்பவரின் தடுப்பாளர் மீது ஸ்கிரீன் போட்டு வழிமறிக்கிறார். ஷாட் உள்ள கார்டு என்றால், தடுப்பாளர் அந்த ஸ்கிரீனுக்கு மேற்புறமாகச் சுற்றி விரட்டியே ஆக வேண்டும். அந்த ஒரு கணத்தில் முன்னே இருவருக்கு எதிராக ஒரே தடுப்பாளர் என்ற நிலை உருவாகிறது. பாஸ் பிறப்பது அங்கேதான். ஷாட் இல்லாதவர் என்றால் தடுப்பாளர் ஸ்கிரீனுக்குக் கீழ்ப்புறமாக நழுவி, மறுபக்கம் அவருக்கு முன்பாகவே போய் நின்றுகொள்கிறார். இடைவெளியே பிறப்பதில்லை. பந்து வேறொருவர் கையில் இருக்கும்போது நிலைமை இன்னும் மோசம். அவருடைய தடுப்பாளர் கூடைக்கு அருகிலேயே நின்று, உள்ளே வரும் ஒவ்வொருவரையும் மறிக்கிறார். ஷாட் இல்லாத ஒருவருக்காக மற்ற நால்வரும் இடம் இழக்கிறார்கள்.

இந்தச் சுமை எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. 2001-02 பருவத்துக்கு முன், தடுப்பாளர் தம் ஆளை விட்டு விலகி நின்று பகுதியைக் காப்பதற்கு விதிகள் பெரும் தடை போட்டிருந்தன. அந்தத் தடை ஷாட் இல்லாத கார்டுக்குக் கவசமாக இருந்தது. அது நீங்கிய பிறகு அவருக்கு ஒளிய இடமில்லாமல் போயிற்று. மூன்று புள்ளிக் கோடு 1979-80 பருவத்தில் லீக்குக்கு வந்தபோது ஓர் அணி ஆட்டத்துக்கு மூன்றுக்கும் குறைவான முறையே அங்கிருந்து எறிந்தது. இன்று அந்த எண்ணிக்கை முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இடவசதியே செல்வமாகிவிட்ட ஆட்டத்தில் அதைக் குறைப்பவர் மீது விழும் சுமையும் கூடியிருக்கிறது.

விரைவோட்ட மரபு

முதல் மரபு, எதிரணி தடுப்பை அமைத்துக்கொள்வதற்கு முன்பே ஆட்டத்தை முடித்துவிடுவது. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பாப் கூசி இதன் முன்னோடி. 1953 முதல் 1960 வரை தொடர்ந்து எட்டுப் பருவங்கள் அசிஸ்ட் (புள்ளியில் முடியும் பாஸ்) கணக்கில் லீக்கின் முதலிடம் அவருடையது. அவர் எறிந்த பந்துகளில் கூடையில் விழுந்தவை 37.5 விழுக்காடுதான். லீக் முழுவதுமே எறிதல் தரம் தாழ்ந்திருந்த காலம் அது. அவருடைய ஆறு சாம்பியன் பட்டங்களுக்கு அந்த விழுக்காடு தடையாக இருக்கவில்லை.

இந்த மரபை இருபத்தோராம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்தவர் ஜேசன் கிட். 2000-01 பருவத்தில் 26 ஆட்டங்களை மட்டுமே வென்ற நியூ ஜெர்சி நெட்ஸ், அவர் வந்து சேர்ந்த அடுத்த பருவத்தில் 52 வென்று இறுதிச் சுற்றுக்கே சென்றது. அந்த ஆண்டு அவருடைய எறிதல் 39.1 விழுக்காடுதான். ரீபவுண்டைத் தாமே பறித்து, அந்த மூச்சிலேயே பந்தை முன்னே செலுத்தியதால், அவரை விட்டு விலகி நிற்க எதிரணிக்கு அவகாசமே கிடைக்கவில்லை. ஆனால் விரைவோட்டம் ஆட்டம் முழுவதையும் சுமக்காது. 2002, 2003 ஆகிய இரு இறுதிச் சுற்றுகளிலும் நெட்ஸ் தோற்றது.

அரைக்கள மரபு

இரண்டாம் மரபு, நின்று நிதானித்த ஆட்டத்திலும் வழி கண்டுபிடிப்பது. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் ஏவரி ஜான்சன் ஷாட் இல்லாதவர் என்றே பெயரெடுத்தவர். 1999 இறுதிச் சுற்றின் ஐந்தாம் ஆட்டத்தில் 47 வினாடிகள் எஞ்சியிருக்க, இடப்புற மூலையை ஒட்டி நின்ற அவருக்குப் பந்து வந்தது. தயங்காமல் எறிந்தார். ஸ்பர்ஸ் 78-77 என வென்று முதன்முறையாகப் பட்டம் பெற்றது. தொலைவு ஷாட்டில் திறமை குறைந்தவரும் கிடைத்த வாய்ப்பை மறுக்கக் கூடாது என்ற பாடம் அதில் இருக்கிறது.

இம்மரபின் முழு வடிவம் பாஸ்டன் செல்டிக்ஸின் ராஜான் ராண்டோ. 2008 இறுதிச் சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ், கோபி பிரயன்ட்டை அவருக்குத் தடுப்பாளராக வைத்து, அவரை விட்டு விலகி நிற்கச் செய்தது. ராண்டோவின் அருகில் கெவின் கார்னெட், பால் பியர்ஸ், ரே ஆலன் என மூன்று தேர்ந்த எறிகாரர்கள் இருந்தனர். விட்டுக்கொடுக்கப்பட்ட இடைவெளியை ராண்டோ ஓட்டப்பாதையாக்கிக்கொண்டார். பட்டத்தை உறுதிசெய்த ஆறாம் ஆட்டத்தில் அவர் எடுத்தவை 21 புள்ளி, 8 அசிஸ்ட், 7 ரீபவுண்ட். பந்தைத் தட்டிப் பறித்தது ஆறு முறை. 2010-இல் கிளீவ்லேண்டுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் 29 புள்ளி, 18 ரீபவுண்ட், 13 அசிஸ்ட் என்று குவித்தார். எறியாதவர் ஆட்டத்தை ஆள்வது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

நெடிய உடல் மரபு

மூன்றாம் மரபு உயரத்தையும் பார்வை வீச்சையும் நம்புவது. மேஜிக் ஜான்சன் இதன் உச்சம். ஆனால் அவர் ஷாட்டைப் புறக்கணித்தவர் அல்லர். 1988-89 பருவத்தில் 91.1 விழுக்காட்டுடன் ப்ரீ த்ரோவில் (தவறான தடுப்புக்கு ஈடாகக் கிடைக்கும் தடையற்ற எறிதல்) லீக்கிலேயே முதலிடம் பிடித்தார்.

இம்மரபின் எச்சரிக்கைக் கதை பென் சிம்மன்ஸ். மூன்று முறை ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானவர், தடுப்பில் லீக்கின் தலைசிறந்தோரில் ஒருவர். 2021 பிளே-ஆஃப் ஆட்டங்களில் 73 ப்ரீ த்ரோக்களில் 25 மட்டுமே அவருக்கு விழுந்தன. அட்லாண்டாவுக்கு எதிரான ஏழாம் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் கூடைக்கு நேர் கீழே பந்துடன் நின்றார். பின்னால் இருந்தவர் அவரைவிட மிகக் குள்ளமான டிரே யங். எழும்பிப் போட்டிருந்தால் இரண்டு புள்ளி. சிம்மன்ஸ் பந்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார். தொலைவு ஷாட் இல்லாதது அங்கே குறையே இல்லை. தம்மைத் தள்ளித் தடுத்து ப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம், கூடைக்கு அருகிலிருந்த ஆயுதத்தையும் செயலிழக்க வைத்தது. சிம்மன்ஸின் பிலடெல்பியா அணி அந்த ஆட்டத்தில் தோற்றது. அதன்பின் அவர் அந்த அணிக்காக ஆடவே இல்லை.

ஐரோப்பிய மரபு

ஸ்பெயினின் ரிக்கி ரூபியோ பதினான்கு வயதிலேயே அந்நாட்டின் முதல்நிலை லீக்கில் களமிறங்கியவர். என்.பி.ஏ.வில் அவருடைய எறிதல் பெரும்பாலும் நாற்பது விழுக்காட்டுக்குக் கீழேதான். ஆயினும் 2019 உலகக் கோப்பையை ஸ்பெயின் வென்றபோது, தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. பல ஆண்டுகள் சேர்ந்து ஆடிப் பழகிய அணி, பந்தின் வேகமான கைமாற்றம் ஆகியவை தனிநபரின் குறையை எந்த அளவுக்கு ஈடுசெய்யும் என்பதற்கு அவர் சான்று.

அளவுகோல்கள்

இம்மரபுகளிலிருந்து சில பொது அளவுகோல்கள் திரள்கின்றன. முதலாவது, கூடைக்கு அருகில் முடிக்கும் திறனும் ப்ரீ த்ரோவும். கோட்டில் நின்று போடத் தெரியாதவர் உள்ளே நுழையவே தயங்குவார். தயக்கத்தைக் கண்ட தடுப்பாளர் இன்னும் பின்வாங்குவார். இரண்டாவது, ஆளில்லாமல் கிடைக்கும் ஷாட்டை எறியும் துணிவு. மூன்றாவது, பந்து கையில் இல்லாதபோது செய்யும் வேலை: பாஸ் கொடுத்த உடனே தாமே ஸ்கிரீன் போடுதல், தடுப்பாளரின் முதுகுக்குப் பின்னால் கூடையை நோக்கி வெட்டி ஓடுதல், தவறிய ஷாட்டின் ரீபவுண்டைப் பறித்தல். நான்காவது, எறிகாரர்கள் சூழ்ந்த அணி. தூரத்திலிருந்து எறியத் தெரியாத இருவர் ஒரே நேரத்தில் களத்தில் இருந்தால் இடம் அறவே இறுகிப்போகும். ஐந்தாவது, தடுப்பாட்டம். புள்ளி சேர்ப்பதில் குறைவைப்பவர் எதிரணியின் புள்ளிகளைக் குறைத்தாக வேண்டும்.

இவற்றைச் சோதிக்கும் களம் பிளே-ஆஃப். வழக்கமான பருவத்தில் எதிரணி நாளுக்கொன்றாக மாறுகிறது. பிளே-ஆஃபில் ஒரே எதிரணி ஏழு ஆட்டங்கள் வரை அதே குறையைத் தோண்டுகிறது. 2024-இல் டல்லஸ் அணி ஓக்லஹோமா சிட்டியின் ஜாஷ் கிடியை வெளியே தனியாக விட்டது. தொடரின் நடுவிலேயே அவர் தொடக்க ஐவரில் இடமிழந்தார். அடுத்த பருவத்தில் சிகாகோவுக்குச் சென்ற அவர் மூன்று புள்ளி எறிதலைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்திக்கொண்டார்.

குறை நிரந்தரமானதும் அன்று. எறியத் தெரியாதவர் என்று கேலிக்கு ஆளான கிட், ஓய்வு பெறும்போது 1,988 மூன்று புள்ளி ஷாட்டுகளுடன் லீக் வரலாற்றில் மூன்றாம் இடத்தில் இருந்தார். 2011-இல் டல்லஸ் அணியுடன் அவர் பட்டம் வென்றபோது வயது 38. கால் வேகம் குறையக் குறைய ஷாட்தான் அவரைக் களத்தில் நிறுத்தியது. ராண்டோவும் 2020 பிளே-ஆஃபில் தொலைவிலிருந்து நன்றாக எறிந்து, லேக்கர்ஸுடன் இரண்டாம் பட்டம் பெற்றார்.

முழுமையின் அளவுகோலாக நிற்பவர்கள் ஜான் ஸ்டாக்டனும் ஸ்டீவ் நாஷும். ஸ்டாக்டனின் 15,806 அசிஸ்ட்டுகள் இன்றும் எட்டப்படாத சாதனை. அவர் எறிந்தவற்றில் பாதிக்கு மேல் கூடையில் விழுந்தன. பாஸ் முதன்மை என்பதும் ஷாட் உண்டு என்பதும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. ஷாட்டுக்கு அஞ்சித் தடுப்பாளர் எடுத்து வைக்கும் ஓர் அடியில்தான் பாஸுக்கான வழி திறக்கிறது. ஆகவே ஷாட் இல்லாமலும் பாயிண்ட் கார்டு வெற்றி பெறலாம், பட்டமும் வெல்லலாம். அதற்கு அவருடைய மற்ற திறன்கள் அனைத்தும் மிக உயர்ந்த தரத்தில் இருக்க வேண்டும், அவருக்கேற்ற அணியும் வாய்க்க வேண்டும். இளம் ஆட்டக்காரர்களைப் பயிற்றுவிப்போர் கண்ணையும் பாஸையும் முதலில் வளர்ப்பதே முறை. அதனுடன் ப்ரீ த்ரோவையும், ஆளில்லாத இடத்திலிருந்து எறியும் ஒரு ஷாட்டையும் தினமும் பழக்கினால், வளர்த்த அந்தக் கலை பிளே-ஆஃபிலும் பயன்தரும்.